பிளாஸ்மாவைச் சூடாக்கும் வானொலி அலை

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. புதுக்கோட்டைப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அந்த ஒலியைச் சுமந்து வந்த அலை நொடிக்கு 9,36,000 முறை அதிர்ந்தது. அதே இனத்தைச் சேர்ந்த, இன்னும் விரைவாக அதிரும் அலையைக் கொண்டு பல கோடி டிகிரி வெப்பம் உண்டாக்கலாம். நம்ப முடிகிறதா?

சூரியனில் நடப்பதுபோல் அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் பெற அத்தனை வெப்பம் வேண்டும். குஜராத்தில் காந்திநகர் அருகேயுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989-இல் 'ஆதித்யா' என்ற டோகாமாக் இயங்கத் தொடங்கியது. டோகாமாக் என்பது உளுந்துவடை வடிவிலான பெரிய கலம். அதனுள் வாயு அயனிகளாகவும் எலெக்ட்ரான்களாகவும் பிரிந்து பிளாஸ்மாவாகிறது. அது சுவரைத் தொடாதபடி காந்தப்புலம் பிடித்து வைத்திருக்கும். இந்தப் புலத்தில் அயனிகள் சுழலும். புலம் 3 டெஸ்லா என்றால் ஒரு புரோட்டான் நொடிக்குச் சுமார் 4.5 கோடி முறை சுற்றும். அதே வேகத்தில் அதிரும் அலையைச் செலுத்தினால், நேரம் பார்த்துத் தள்ளிய ஊஞ்சலைப் போல அயனியின் ஆற்றல் ஏறிக்கொண்டே போகும்.

தொல்லை சுவரோரத்தில்தான். அங்கே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய படலத்தில் மின்னழுத்தம் இருக்கிறது. அலை அதை நூற்றுக்கணக்கான வோல்ட்டுக்கு உயர்த்திவிடும். அயனிகள் கல்லெறி போலச் சுவரைத் தாக்கி டங்ஸ்டன் அணுக்களைப் பெயர்க்கும். பிளாஸ்மாவில் பத்தாயிரத்துக்கு ஒன்று கலந்தாலும் போதும், எக்ஸ் கதிர்களாக வெப்பத்தை வெளியே கொட்டிவிடும். சூடாக்க வந்த அலையே குளிரவைக்கிறது!

ஆன்டெனாவை ஒவ்வொரு முறையும் செய்து பார்க்கக் கட்டுப்படியாகாது. ஆகவே கலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, மாக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கணிப்பொறியில் தீர்க்கிறார்கள். ஆன்டெனா மீட்டர் அளவு, படலமோ மயிரிழை. இரண்டுக்கும் ஒரே கட்டம் போட்டால் கணக்கு முடியவே முடியாது. அதனால் படலத்தை விட்டுவிட்டு, அது செய்யும் வேலையை மட்டும் சுவரின் விளிம்பில் ஒரு விதியாக எழுதிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது.

ஜெர்மனியின் கார்ஷிங்கில் உள்ள டோகாமாக்குக்கு, முதலில் கணித்துப் பார்த்தே மூன்று பட்டை ஆன்டெனாவை வடிவமைத்தார்கள். நடுப்பட்டையின் மின்னோட்டத்துக்கு எதிராக ஓரப்பட்டைகளில் மின்னோட்டம் பாயும். சட்டத்தில் தூண்டப்படும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 2015-இல் பொருத்தியதும் டங்ஸ்டன் பெயர்வது நன்றாகக் குறைந்தது.

பிரான்சில் கட்டப்பட்டு வரும் ஈட்டர் உலைக்கு இத்தகைய அலைகளை உண்டாக்கும் கருவிகளைத் தரும் பொறுப்பு இந்தியாவுடையது. அதன் உட்சுவருக்குப் பெரிலியத்தை விட்டு டங்ஸ்டனுக்கு மாறப்போவதாக 2023-இல் அறிவித்தார்கள். கணிப்பொறிக்காரர்களின் வேலை அதனால் இன்னும் கூடிவிட்டது.