ஆடுகளத்தின் அரண்

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக ஓங்கி நிற்பது கொல்லிமலை. அதன்மீது ஏறும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளை உடையது. இக்காலத்தும் ஏறுவோரைத் திணறச் செய்யும் இம்மலை, பகைவர் படை நடந்துவந்த பண்டை நாளில் எத்துணைப் பெரிய அரணாக விளங்கியிருக்கும்! இம்மலைநாட்டை ஆண்ட வல்வில் ஓரி, மலையமான் திருமுடிக்காரியுடன் பொருது மாண்டான். கொல்லி சேரர் வசமாயிற்று. மலை நின்றது, காவலன் வீழ்ந்தான், நாடு பிறர் கைப்பட்டது. அரண் எவ்வளவு சிறந்ததாயினும், செயலாற்றல் உடையார் இல்லாவிடத்து அது பயன்படாது என்று ‘அரண்’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் கூறியதன் உண்மை இதனால் விளங்கும்.

கால்பந்து ஆடுகளத்தில் மலையும் இல்லை, மதிலும் இல்லை. 24 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள கோல் வாயிலைக் காப்பதற்கு மனிதர்களே அரணாதல் வேண்டும். ஓர் அணியில் ஆடும் 11 பேருள், கோல் காப்பாளருக்கு முன்னே நின்று எதிரணியின் தாக்குதலை முறியடிப்போர் தடுப்பாட்டக்காரர் எனப்படுவர்.

இவர்தம் பணி பந்தை ஓங்கி உதைத்துத் தள்ளுவது மட்டும் அன்று. பந்து எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிலும், அடுத்து எங்கே வரும் என்பதை இவர் முன்னரே உணர வேண்டும். எதிராளியை நெருங்க வேண்டிய நொடி எது, பின்வாங்கி வழியை அடைக்க வேண்டிய நொடி எது என்று தெளிய வேண்டும். பதற்றம் இவருக்குப் பகை, பொறுமையே படைக்கலம். முன்னணி ஆட்டக்காரர் ஐந்து முறை தவறி ஒரு முறை கோல் அடித்தாலும் புகழப்படுவார். தடுப்பாட்டக்காரரோ ஒன்பது முறை காத்து ஒரு முறை தவறினும் பழிக்கப்படுவார். இவருடைய வெற்றி, நிகழாமற்போன ஒன்று; ஆகவே அது பலர் கண்ணில் படுவதில்லை.

இக்கலையைப் பெரிதும் போற்றி வளர்த்தவர் இத்தாலி நாட்டார். அந்நாட்டில் புகழ்பெற்ற ஒரு தடுப்பாட்ட முறைக்குக் ‘கதவுத் தாழ்ப்பாள்’ என்று பொருள்படும் பெயரே வழங்குகின்றது. அந்நாட்டின் பாவ்லோ மால்தினி 1985 முதல் 2009 வரை மிலான் அணி ஒன்றிலேயே ஆடி, உலகின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரருள் ஒருவராக மதிக்கப்பெற்றார்.

நம் நாட்டிலும் அத்தகையவர் ஒருவர் அவருக்கு முன்பே வாழ்ந்தார். அவரே சைலேன் மன்னா. 1924ஆம் ஆண்டு வங்காளத்தில் பிறந்த அவர், 1942இல் கல்கத்தாவின் மோகன் பகான் அணியிற் சேர்ந்தார். 1960 வரை வேறு அணியை நாடாமல் அதிலேயே நிலைத்து ஆடினார்.

1948ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. விடுதலை பெற்ற இந்தியா கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அதுவே. கால்பந்தில் நம் அணி பிரான்சு நாட்டை எதிர்த்து ஆடியது. நம் வீரருள் பெரும்பாலோர் காலணி இன்றி வெறுங்காலுடன் ஆடியதைக் கண்டு கூடியிருந்தோர் வியந்தனர். நம்மவர் சாரங்கபாணி இராமன் ஒரு கோல் அடித்தார். எனினும் அன்று நமக்குக் கிடைத்த இரண்டு தண்ட உதைகளும் வீணாயின. அவற்றுள் ஒன்றை உதைத்தவர் மன்னா. ஆட்டம் முடியுந் தறுவாயில் பிரான்சு மேலும் ஒரு கோல் அடித்து 2-1 என்ற கணக்கில் வென்றது.

உலகம் பார்க்க நேர்ந்த அத்தவறு, உள்ளத்துறுதி அற்றவர் ஒருவரை முடக்கியிருக்கும். மன்னா முடங்கவில்லை. 1951இல் புதுதில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது, இந்திய அணியின் தலைவராக விளங்கியவர் அவரே. இறுதியாட்டத்தில் ஈரானை எதிர்த்து மேவாலால் ஒரு கோல் அடித்தார். ஈரான் அணியால் ஒரு கோலும் அடிக்க இயலவில்லை. தங்கப் பதக்கம் இந்தியாவுக்குக் கிட்டியது. அவ்வெற்றிக்கு மேவாலாலின் ஒரு கோல் எத்துணை இன்றியமையாததோ, எதிரணிக்கு இடங்கொடாத காவலும் அத்துணை இன்றியமையாததன்றோ?

புகழின் உச்சியில் நெடுநாள் இருக்க விளையாட்டு எவரையும் விடுவதில்லை. அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மன்னாவின் தலைமையில் ஆடிய நம் அணி, யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற கணக்கில் தோற்றது. குளிர்ந்த அயல்மண்ணில் வெறுங்கால் ஆட்டம் ஈடுகொடாது என்பது புலனாயிற்று. அதன்பின் நம் வீரர்க்குக் காலணி கட்டாயமாக்கப்பட்டது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்திய அணி நான்காம் இடம் வரை உயர்ந்தது. தோல்வியிலிருந்து பாடம் கற்றதன் பயன் அது. மன்னாவுக்கு 1971இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. 2012இல் அவர் மறைந்தார்.

இத்தகைய புகழ் பெருநகரங்களில் பிறந்தோர்க்கே உரியது என்று எண்ண வேண்டா. கொல்லிமலை அமைந்துள்ள நாமக்கல் மண்ணில் 1989இல் பிறந்த நல்லப்பன் மோகன்ராஜும் ஒரு தடுப்பாட்டக்காரரே. மன்னா காத்த அதே மோகன் பகான் அணியில் அவரும் ஆடினார். 2014இல் முதலாவது இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற கொல்கத்தா அணியிலும் இடம்பெற்றிருந்தார்.

மாணவர்களே! கோல் அடிப்பவரைப் பாராட்டுவது எளிது. அடுத்த முறை கால்பந்தாட்டம் காணும்போது, பந்து இல்லாத இடத்தில் நிற்பவரையும் சற்றே நோக்குங்கள். எதிராளியின் வழியை அறிந்து, ஓர் அடி முன்னதாகவே சென்று அடைத்து நிற்கும் அவரைக் காண்பீர்கள். அவர் பெயரைக் கூட்டம் கூவாமல் இருக்கலாம். ஆயினும் கோல் வாயில் அவர் காவலில்தான் இருக்கின்றது.