உங்களுக்குத் தெரியுமா? விதை வியாபாரி வாங்கிய வானொலி

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், மிசௌரி ஆற்றங்கரையில் உள்ள சிறு நகரம் யாங்க்டன். டபிள்யூ.என்.ஏ.எக்ஸ். வானொலி 1922-இல் அங்கே பிறந்தது. சில ஆண்டுகளில் கர்னி என்ற விதை நிறுவனம் அதை வாங்கியது. விதை விற்க வாங்கிய வானொலிதான். ஆனால் ஒதுங்கிக் கிடந்த பண்ணை வீடுகளுக்குப் பாட்டும் வானிலையும் சந்தை விலையும் அதன் வழியே வந்து சேர்ந்தன. பின்னாளில் தொலைக்காட்சியால் நாடறிந்த லாரன்ஸ் வெல்க், 1927-இல் இங்கே அக்கார்டியன் வாசித்தார். 570 கிலோஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த அலைவரிசை. அதோடு மின்சாரத்தை நன்கு கடத்தும் புல்வெளி மண். இரண்டும் சேர்ந்து ஒலியைப் பக்கத்து மாநிலங்களுக்கும் கொண்டுபோயின. இந்த வரலாற்றில் மனத்தை அள்ளுபவர் வின் ஸ்பீஸ். 1941-இல் 'பக்கத்து வீட்டு அம்மா'வாக ஒலிபரப்பில் பேச வந்தவர், 60 ஆண்டுகளுக்கும் மேலாகச் சமையல் குறிப்புகளையும் குடும்பக் கதைகளையும் நேயர்களோடு பகிர்ந்துகொண்டார்.