சேறு தந்த கறுப்பு
போகோலான் கஸோபனே குழு, பமாக்கோ, மாலி
பருத்தித் துணி, இலைச்சாறு, புளித்த சேறு

இந்தக் கறுப்பு கடையில் வாங்கிய சாயம் அல்ல. கடுக்காய் இனத்தைச் சேர்ந்த 'ங்காலமா' மரத்தின் இலையை ஊறவைத்து அல்லது கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் துணியை முக்கி வெயிலில் காயப்போடுகிறார்கள். துணி மஞ்சளாகிறது. பிறகு, இரும்புச்சத்து மிகுந்த சேற்றைப் பல நாள் புளிக்கவைத்து, குச்சியால் தொட்டு வரைகிறார்கள். இலையின் துவர்ப்பும் சேற்றின் இரும்பும் கலந்து இழைக்குள் கறுத்துவிடும். மேலே ஒட்டிய சேற்றை அலசிவிடலாம், கறுப்பு போகாது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்து மையாகிற அதே வித்தைதான்.

அருகே வந்து பாருங்கள். துணி ஒரே அகலத்தில் நெய்ததல்ல. கைத்தறியில் நெய்த ஒடுக்கமான பட்டைகளைப் பக்கம் பக்கமாகத் தைத்திருப்பார்கள். தையல் கோடுகள் ஓவியத்தின் குறுக்கே ஓடுவதை மறைக்க யாரும் முயலவில்லை. அதுவே அழகு.

பமாக்கோவின் தேசியக் கலைக் கல்லூரியில் ஐரோப்பிய முறையில் ஓவியம் பயின்றவர்கள் இந்தக் குழுவினர். சேற்றுச் சாயத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் கிராமத்து மூதாட்டிகள். 1978இல் குழுவானார்கள். 'கஸோபனே' என்ற பெயருக்கு 'சிறைவாசம் முடிந்தது' என்று பொருள்.

கையொப்பம் தனி ஆளுடையதல்ல, குழுவுடையது: கந்தியூரா கூலிபாலி, கிளெத்திகி தெம்பெலே, பூபகர் தும்பியா, சுலைமான் கோரோ, பாபா ஃபாலோ கெய்தா, நெனே தியாம். தலைமுறைகளாகப் பெண்கள் வரைந்துவந்த இந்தக் கலையில், அறுவரில் நெனே தியாம் மட்டுமே பெண்.