காரப்பொடிக் கருவாட்டுக்குள்ள ஒரு டார்ச் லைட்!

பழைய வீடியோ கேம் பிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள், 'க்ளிம்மர்' பற்றிச் சொல்வார்கள். 1995-ல் வந்த 'டாங்கி காங் கன்ட்ரி 2' கேமில் வரும் ஆங்க்லர் மீன் அது. மூழ்கிப்போன ஒரு கப்பலுக்குள் நீந்திப் போகணும், உள்ளே கும்மிருட்டு. தலையில் விளக்கோடு கூடவே வரும் க்ளிம்மர், நாம் திரும்புற பக்கமெல்லாம் வெளிச்சம் அடிக்கும். சண்டை போடாது. மேலே ஏறி சவாரியும் போக முடியாது. லைட் அடிக்கிறது மட்டும்தான் வேலை. செம தோஸ்த்!

நிஜ ஆங்க்லர் அவ்வளவு நல்லவர் இல்லை பாஸ். ஆழ்கடலில் அதோட விளக்கு ஒரு தூண்டில். 'என்னடா மினுமினுக்குது'ன்னு பக்கத்தில் வரும் மீன் நேரா வாய்க்குள் போகும். 2025 தொடக்கத்தில் ஸ்பெயினின் டெனரீஃப் தீவு பக்கம் கடல்மட்டத்துக்கே வந்த கறுப்பு ஆங்க்லர் வீடியோவுக்கு இன்ஸ்டாவே கண்ணீர் விட்டதே, ஞாபகம் இருக்கா? அந்தப் 'பயங்கர' மீன் உள்ளங்கைக்குள் அடங்குற சைஸ்தான்.

சரி, ஒளிரும் மீனைப் பார்க்க ஸ்பெயின் வரைக்கும் போகணுமா? வேண்டாம். கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் பேளுக்குறிச்சி மாதிரி, கடல் வாசனையே வராத ஊர்களுக்கும் ஒண்ணு வந்து சேருது, கருவாடாக. அதுதான் காரப்பொடி. காரல்னும் சொல்வாங்க.

காரலின் உணவுக்குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி ஓர் உறுப்பு இருக்கு. அதுக்குள்ள கோடிக்கணக்கில் ஒளிரும் பாக்டீரியாக்கள். மீன் குஞ்சு பிறக்கும்போது அவை இருக்காது. கடல் தண்ணியிலிருந்துதான் உள்ளே குடியேறும். மீன் சாப்பாடு போடும், பாக்டீரியா கரன்ட் பில் கட்டும். அந்த வெளிச்சம் உள்ளே இருக்கும் காற்றுப்பையில் பட்டுத் திரும்பி, வயிற்றுப் பக்கம் வழியாக மங்கலாக வெளியே கசியும். வேண்டாதப்போ மூடிக்க 'ஷட்டர்' கூட உண்டு.

எதுக்கு இவ்வளவு செட்டப்? ஒளிஞ்சுக்கத்தான்! கீழே இருந்து பார்க்கிற பெரிய மீனுக்கு, மேலே நீந்துற மீன் ஒரு கறுப்பு நிழலாகத் தெரியும். அந்த நிழல்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். காரல் தன் வயிற்றை மேலிருந்து வரும் வெளிச்சத்தின் அளவுக்கே ஒளிர வைத்து, நிழலை அழிச்சிடுது. க்ளிம்மர் நமக்குப் பாதை தெரிய லைட் போட்டுச்சு. காரல் தன்னை யாரும் பார்க்கக் கூடாதுன்னு லைட் போடுது. சில இனங்களில் ஆணின் விளக்கு பெண்ணுடையதைவிடப் பெரிசு. அது எதுக்குன்னா, பொண்ணு பார்க்க சிக்னல் கொடுக்க!

இதில் நம்ம ஊர் பெருமையும் இருக்கு. இந்த வகை ஒளிரும் பாக்டீரியா ஒன்றுக்கு 1970-ல் வைக்கப்பட்ட அறிவியல் பெயர் 'ஃபோட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ்'. ராமேஸ்வரம் போற வழியில் இருக்கே, அதே மண்டபம்தான்.

ஆனா இவ்வளவு ஹைடெக் மீனுக்குச் சந்தையில் மரியாதை கம்மி. விலை மலிவான பொடிமீன் லிஸ்ட்டில்தான் இடம். சின்னக் கண்ணி வலையில் குஞ்சும் குளுவானுமாக அள்ளப்படும் பொடிமீன்களில் ஒரு பங்கு மீன்தூளாகி, கோழித்தீவனத்துக்குப் போகுது. நாமக்கல்லில் கோழிப் பண்ணைகளுக்குப் பஞ்சமே இல்லை, தெரியும்ல?

காய்ஞ்ச கருவாட்டை இருட்டில் வெச்சு டெஸ்ட் பண்ணாதீங்க, ஒளிராது. விளக்குக்காரங்க எப்பவோ செத்துப்போயிருப்பாங்க. கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைங்க.