‘எனக்கு எதுக்குப்பா ஊசி?’



ஜூலை 26ஆம் நாள் புனிதர்கள் சுவக்கீன், அன்னா திருநாள். அதையொட்டி, ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளாக 2021ஆம் ஆண்டு ஏற்படுத்தினார் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ். அன்று பல பங்குகளில் முதியோருக்குச் சால்வை போர்த்துகிறோம், நல்லதுதான். ஆனால் அவர்களுடைய உடல்நலம் பற்றிய பேச்சு வந்தால் மருத்துவரிடம் பேசுகிறோம், வெளிநாட்டில் இருக்கும் அண்ணனிடம் பேசுகிறோம். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் பேசுவதில்லை. ஃபுளூ தடுப்பூசியை முன்வைத்து இதைச் சிறிது சிந்திப்போம்.

ஃபுளூவை நாம் சாதாரண சளிக்காய்ச்சல் என்று நினைத்துவிடுகிறோம். இன்ஃபுளுவென்சா என்னும் வைரஸால் வருவது அது. ஒவ்வோர் ஆண்டும் உலகில் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை அதனால் வரும் மூச்சுக்கோளாறில் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. வளர்ந்த நாடுகளில் இப்படி இறப்பவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள். வயதானவர்களுக்குச் சில நேரம் காய்ச்சலே தெரியாது. சோறு வேண்டாம் என்பார்கள், படுத்தே கிடப்பார்கள், திடீரென்று பேச்சில் குழப்பம் வரும். இருதயத்தையும் அது விட்டுவைப்பதில்லை. ஃபுளூ என்று உறுதியான முதல் ஏழு நாள்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்காகிறது என்று கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாத பெரியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்?

இவ்வளவையும் அவர்களிடம் ஒப்பித்தால் போதுமா? போதாது. பிள்ளைகள் நாம் தவறுவது இங்கேதான். பர்த்திமேயுவை நினைத்துப் பாருங்கள். அவருக்கு என்ன தேவை என்பது எரிகோ ஊருக்கே தெரியும். கூட்டம் அவரைப் பேசாதே என்று அதட்டியது. ஆண்டவரோ நின்று, தம்மிடம் அவர் எதை விரும்புகிறார் என்று கேட்டார். தெரிந்த பதிலையும் அந்த மனிதரின் வாயிலிருந்தே கேட்க விரும்பினார்.

நாமும் கேட்டுப் பார்ப்போம். “ஏம்மா வேண்டாங்குறீங்க?” என்று ஒரு முறை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது கடினம். ஆனால் அப்போதுதான் உண்மையான காரணம் வெளியே வரும்.

சிலருக்கு அது கோவிட் காலத்து அச்சம். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டு நாளில் இறந்தபோது தமிழகமே அதிர்ந்தது. மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள்; பின்னர் ஆராய்ந்த தேசியக் குழுவும் அதையே சொன்னது. செய்தி காதில் விழுந்தது, அச்சமோ மனதில் தங்கிவிட்டது. இவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஃபுளூ ஊசி பல பத்தாண்டுகளாக உலகெங்கும் போடப்பட்டு வருகிறது, வழக்கமாகப் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் ஃபுளூ வராது, ஒன்றிரண்டு நாள் கை வலிக்கும், சிலருக்கு இலேசாக உடம்பு சுடும் என்று பொறுமையாகச் சொன்னால் போதும். போட்டுக்கொண்டாலும் ஃபுளூ வரலாம், ஆனால் நோய் முற்றி மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு குறையும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கூட்டிச் சொன்னால் அடுத்த ஆண்டு நம்ப மாட்டார்கள். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசி இது.

“மாதா பாத்துக்குவா” என்பவர்களும் உண்டு. அந்த நம்பிக்கையை நாம் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் பாட்டியின் பைக்குள் பிரஷர் மாத்திரை இருக்கிறதே! சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் மருத்துவரையும் மருந்தையும் ஆண்டவரின் கொடை என்றுதான் பேசுகிறது. திருத்தந்தை பிரான்சிஸும் முந்தைய திருத்தந்தை 16ஆம் பெனடிக்டும் 2021 சனவரியில் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கு வயது 84, மற்றவருக்கு 93. மிளகு ரசமும் ஆவியும் போதும் என்பவர்களுக்கும் ரசத்தை நிறுத்தச் சொல்லத் தேவையில்லை. அது தொண்டைக்கு இதம். ஊசியின் வேலை வேறு.

எல்லாவற்றையும்விடக் கனமான பதில் ஒன்று உண்டு. “வாழ்ந்து முடிச்சாச்சு, எனக்கு எதுக்குப்பா ஊசி?” இதை நாம் பல நேரம் விரக்தி என்று நினைத்து, “அப்படியெல்லாம் பேசாதீங்க” என்று அடக்கிவிடுகிறோம். அதற்குள்ளே இருப்பது பெரும்பாலும் பணம். இந்த ஊசியைப் பெரும்பாலும் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துத்தான் போடவேண்டியிருக்கிறது. பேத்தியின் கல்லூரிக் கட்டணம் பாக்கி என்று பாட்டிக்குத் தெரியும். தனக்காக ஒருவரும் செலவு செய்யவேண்டாம், ஒருவரும் வேலைக்கு விடுப்பு எடுக்கவேண்டாம் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். அவரிடம் வைரஸைப் பற்றிப் பேசிப் பயனில்லை. “நீங்க எங்களுக்கு வேணும்மா” என்பதுதான் அவர் கேட்கவேண்டிய சொல். செலவை யார் ஏற்பது, யார் கூட்டிப்போவது என்று பிள்ளைகள் முன்பே பேசி முடித்துவிட்டு அவரிடம் போவது நல்லது.

ஒன்றை மட்டும் செய்யாதிருப்போம். சர்க்கரை பார்க்கப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போய் ஊசி போடவைப்பது. நன்மைக்குத்தானே என்று தோன்றும். ஆனால் தம் உடம்பைப் பற்றித் தம்மிடமே பொய் சொன்ன பிள்ளையோடு அவர் அடுத்த முறை மருத்துவமனை வாசலை மிதிப்பாரா? நினைவு தவறிய பெரியவர்கள் விஷயத்தில் மருத்துவரும் குடும்பமும் சேர்ந்து முடிவெடுப்பது வேறு. தெளிவாக இருப்பவர் வேண்டாம் என்றால் இன்றைக்கு அது வேண்டாம்தான். திருப்பலி முடிந்து வரும்போதோ, கீரை ஆயும்போதோ, மருமக்கள் முன்னால் அல்லாமல் தனியாக, இன்னொரு நாள் பேச்செடுக்கலாம். காது மந்தமானவர் என்றால் எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசுங்கள். கத்தினால் திட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்.

ஒப்புக்கொண்டால் மருத்துவரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டை எடுத்துச் செல்லுங்கள். முன்பு ஏதாவது ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தாலோ, இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிட்டாலோ தவறாமல் சொல்லுங்கள். அன்று காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடச் சொல்லக்கூடும். பாதுகாப்பு வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்.

வயதானவர்களின் உடலில் இந்த ஊசி இளையோரிடம் வேலை செய்யும் அளவுக்கு வேலை செய்வதில்லை. அதனால் அவர்களோடு இருக்கும் நாமும் போட்டுக்கொள்வது அவர்களுக்குப் பாதுகாப்பு. முதல் வெள்ளியன்று வீடு வீடாக நற்கருணை கொண்டு செல்லும் பணியாளர்களும், அன்பியத்திலிருந்து நோயாளிகளைச் சந்திக்கப் போகிறவர்களும் மருத்துவரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இருமலோ காய்ச்சலோ இருந்தால், அந்த வாரம் மட்டும் உங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பும்படி பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுங்கள்.