வோல்டேஜ் குறைந்தால் குளிரும் கம்ப்யூட்டர்! தெரியுமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் லோ வோல்டேஜ் என்ற பேச்சைக் கேட்டாலே சம்சாரிக்கு வயிற்றைக் கலக்கும். கிணற்று மோட்டாரில் காயில் கருகிவிடும். தறி மோட்டார் முனகிக்கொண்டே சூடேறும். ஆனால் அதே வீட்டில் பிள்ளைகள் வைத்திருக்கும் லேப்டாப்பின் பிராசசருக்கு வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தால் சூடு மளமளவென்று இறங்கும், வேகமும் குறையாது என்பது தெரியுமா?

இரண்டும் மின்சாரத்தில் ஓடுபவைதானே, பிறகு ஏன் இப்படி நேரெதிர்? மோட்டார் தன் சுமையை எப்படியும் இழுத்தாக வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் அதை ஈடுகட்ட ஆம்பியரைக் கூடுதலாக இழுக்கும். அந்த ஆம்பியர்தான் காயிலைச் சுடுகிறது. பிராசசரில் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களின் வேலை வேறு. ஒவ்வொன்றும் நொடிக்குப் பல கோடி முறை துளி மின்னூட்டத்தை நிரப்பி வடிக்கிறது. அதற்குச் செலவாகும் ஆற்றல் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். அதே வேகத்தில் ஓடும் பிராசசருக்கு 1.1 வோல்ட்டை 1 வோல்ட் ஆக்கிப் பாருங்கள்: குறைத்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அந்த மின்செலவோ சுமார் 17 சதவீதம் சரிகிறது! செலவான மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தானே வெளியே வரும்?

ஒரு எச்சரிக்கை. இது சுவர் பிளக்கில் வரும் 230 வோல்ட்டைப் பற்றிய பேச்சு அல்ல. அடாப்டர் அதை 19, 20 வோல்ட் அளவுக்கு இறக்குகிறது. போர்டில் உள்ள சர்க்யூட் அதை மேலும் இறக்கி ஏறத்தாழ 1 வோல்ட் ஆக்கிப் பிராசசருக்குக் கொடுக்கிறது. நாம் தொடுவது அந்தக் கடைசிப் படியை மட்டும்தான். இங்கேயும் ஓர் அதிசயம் உண்டு: 1 வோல்ட்டில் 45 வாட் இழுக்கும் பிராசசருக்குள் 45 ஆம்பியர் பாய்கிறது! தோட்டத்து 5 எச்பி மோட்டாரே ஒரு பேஸுக்கு ஏழெட்டு ஆம்பியர்தான் இழுக்கும்.

சரி, குறைத்தால் நல்லது என்றால் கம்பெனிக்காரர்களே குறைத்துக் கொடுக்க வேண்டியதுதானே? ஒரே தகட்டில் வெட்டிய சிப்புகளில்கூட ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. ஒன்று குறைந்த வோல்டேஜிலேயே துல்லியமாகக் கணக்குப் போடும். பக்கத்தில் பிறந்தது தடுமாறும். தடுமாறுவதும் தவறாமல் ஓட வேண்டுமே என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொஞ்சம் தாராளமாக வைத்து அனுப்புகிறார்கள். உங்களுடையது நல்ல சிப்பாக அமைந்திருந்தால், அந்தத் தாராளம் முழுவதும் உங்கள் மடியில் வெப்பமாக இறங்குகிறது.

கரிசல் காட்டு வெயிலுக்கு இது இன்னும் முக்கியம். ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது. 25 டிகிரி ஏசி அறையில் 90 டிகிரியில் ஓடும் பிராசசரை, சித்திரை மாதம் 40 டிகிரி அறையில் வைத்தால் கணக்குப்படி 105 தொட வேண்டும். ஆனால் பெரும்பாலான இன்டெல் லேப்டாப் பிராசசர்களுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதனால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே இங்கே வோல்டேஜைக் குறைத்தால் சூடு குறைவதோடு, இழந்த வேகமும் பல நேரம் திரும்பக் கிடைக்கிறது!

குறைந்த வோல்டேஜில் கம்ப்யூட்டரை ஓட்டும் கலைக்கு வழிகாட்டியவர்களில் முக்கியமான ஒருவர் சென்னையில் பிறந்தவர், தெரியுமா? அனந்தா சந்திரகாசன். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்தபோது, சாமுவேல் ஷெங், ராபர்ட் ப்ரோடர்சன் இருவரோடும் சேர்ந்து 1992-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். வோல்டேஜைக் குறைத்தால் சர்க்யூட் மெதுவாகுமே என்ற கேள்விக்கு அதில் அருமையான விடை இருந்தது: அதே சர்க்யூட்டை இரண்டாக வைத்து, ஒவ்வொன்றையும் பாதி வேகத்தில் ஓட்டுங்கள். 5 வோல்ட்டிலிருந்து 2.9 வோல்ட்டுக்கு இறங்கலாம். வேலை அதே அளவு நடக்கும், மின்செலவோ சுமார் 36 சதவீதம் ஆகிவிடும்! இன்று கிராபிக்ஸ் சிப்புக்குள் ஆயிரக்கணக்கான சிறு கோர்கள் நிதானமான வேகத்தில் சேர்ந்து ஓடுவதில் இந்தச் சிந்தனையைக் கண்ணால் பார்க்கலாம். பிறகு எம்ஐடியில் அவருடைய குழு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோடு சேர்ந்து வெறும் 0.3 வோல்ட்டில் ஓடும் சிப்பை 2008-ல் காட்டியது. 1971-ல் வந்த இன்டெல் 4004-க்கு 15 வோல்ட் வேண்டியிருந்தது!

இனி நம் வீட்டு லேப்டாப்புக்கு வருவோம். முதலில் தூசி. தறி ஓடும் தெருவில் பறக்கும் பஞ்சு ஃபேன் வழியே போய் வெப்பத் தகடுகளில் படிந்து அடைத்துக்கொள்ளும். அதைத் துடைக்காமல் வேறு எதைச் செய்தும் முழுப் பலன் கிடைக்காது. பிறகு பிராசசருக்கு த்ராட்டில்ஸ்டாப், கிராபிக்ஸுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. பத்துப் பத்து மில்லிவோல்ட்டாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் கனமான வேலை கொடுத்துச் சோதிக்க வேண்டும். அளவு மீறினால் கம்ப்யூட்டர் உறைந்து நிற்கும் அல்லது நீலத்திரை காட்டும். வோல்டேஜ் குறைந்ததால் சிப் எரிந்துபோகாது. முந்தைய அளவுக்கு ஏறி அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சோதனை முடியும்வரை முக்கியமான கோப்புகளைத் திறந்து வைக்காதீர்கள், அந்த மென்பொருள் தானாகத் தொடங்கும்படியும் அமைக்காதீர்கள்.

சில லேப்டாப்புகளில் இந்தக் கதவே பூட்டியிருக்கும். ஏன் தெரியுமா? வோல்டேஜை வேண்டுமென்றே அளவுக்கு மேல் குறைத்து, பிராசசரைத் தப்புக் கணக்குப் போட வைத்து, அதன் இரகசியச் சாவிகளைத் திருட முடியும் என்று 2019 டிசம்பரில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்! பிளண்டர்வோல்ட் என்று பெயர். அதற்குப் பிறகு பல கம்பெனிகள் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளில் பூட்டுப் போட்டுவிட்டன. அப்படிப்பட்ட லேப்டாப் என்றாலும் வழியிருக்கிறது: விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச அளவை 100-லிருந்து 99 சதவீதமாக்குங்கள். பெரும்பாலான இன்டெல் லேப்டாப்புகளில் அந்த ஒரு சதவீதம் டர்போ என்ற கூடுதல் வேகத்தையே அணைத்துவிடும். வேகம் கொஞ்சம் குறையும். அதோடு வோல்டேஜும் இறங்கும், ஃபேன் சத்தமும் அடங்கும்.