விமானம் தாமதித்தால் செலவு யார் கணக்கில்?

எலப்புள்ளியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சென்ற ஆண்டு நம் கிளைக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் கசங்கிய ரசீதுகள் மூன்று, இரண்டு போர்டிங் பாஸ்கள். "சார், போனில் ஸ்கேன் செய்து கொடுத்த பணத்துக்கு வங்கியில் சீட்டுக் கிடைக்குமா?" என்று கேட்டார்.

மும்பையில் மகளின் பிரசவத்துக்குச் சென்றிருந்த அவரும் அவர் மனைவியும் கோயம்புத்தூருக்குத் திரும்பும் வழியில் நேர்ந்தது இது. இரவு 8.40 மணிக்குப் புறப்பட வேண்டிய விமானம் மறுநாள் காலை 6 மணிக்குத்தான் கிளம்பும் என்று அறிவிக்கப்பட்டது. மனைவி நீரிழிவு நோயாளி; முழங்கால் வலியும் உண்டு. நாற்காலியில் இரவைக் கழிக்க இயலாது. முகப்பில் இருந்த ஊழியர் "காத்திருங்கள்" என்றாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. இரவு 11 மணிக்கு இருவரும் வெளியேறி ஒரு விடுதியில் அறை எடுத்தனர். அறைக்கு ₹4,200, உணவுக்கு ₹560, போக வர டாக்சிக்கு ₹900, கோவையிலிருந்து எலப்புள்ளிக்கு முன்பதிவு செய்திருந்த வண்டியின் முன்பணம் ₹500. மொத்தம் ₹6,160. ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு இது சிறு தொகையன்று.

"விமானம் பறக்காமல் போயிருந்தால் டிக்கெட் பணமாவது வந்திருக்கும். பறந்துவிட்டதே, இனி யாரிடம் கேட்பது?" என்பதே அவருடைய கேள்வி. வாளையாற்றைக் கடந்தால் கோயம்புத்தூர் விமான நிலையம், தெற்கே சென்றால் நெடும்பாசேரி என்று இரண்டு வாசல்கள் உள்ள நம் பகுதியில் இக்கேள்வி பலருக்கும் உரியது. ஆகவே இங்கே விரிவாகப் பார்ப்போம்.

மூன்று வகைப் பணம்

விமானத்தடங்கலில் பயணிக்கு வரக்கூடிய பணம் மூன்று வகைப்படும். இவற்றைக் குழப்பிக்கொள்வதாலேயே பல கோரிக்கைகள் தோற்றுப்போகின்றன.

முதலாவது, பயணச்சீட்டுக் கட்டணத்தைத் திரும்பப் பெறுதல். பயணமே நடைபெறாதபோது, அல்லது நீண்ட தாமதத்தால் நாமே பயணத்தைக் கைவிடும்போது இது பொருந்தும். இரண்டாவது, விதியில் குறிக்கப்பட்ட இழப்பீடு. நமக்கு எவ்வளவு செலவானது என்பதைப் பாராமல், நேர்ந்த சிரமத்துக்காக வழங்கப்படும் தொகை இது. மூன்றாவது, தடங்கலின் காரணமாக நாம் உண்மையிலேயே செய்த செலவு. உணவு, தங்குமிடம், போக்குவரத்து ஆகியவை இதில் அடங்கும். ஆசிரியர் கேட்டது இந்த மூன்றாவது பணத்தை.

விதி சொல்வது என்ன?

மறுக்கப்பட்ட ஏற்றம், விமான ரத்து, தாமதம் ஆகியவற்றின்போது பயணிகளுக்குச் செய்துதர வேண்டிய வசதிகள் குறித்து சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., 2010ஆம் ஆண்டில் விதித்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. பின்னர் அது பலமுறை திருத்தப்பட்டுள்ளது. அதன் சாரம் வருமாறு:

• பயண நேரம் இரண்டரை மணி வரை உள்ள விமானம் 2 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதித்தால், காத்திருக்கும் பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். இரண்டரை முதல் 5 மணி வரையிலான பயணத்துக்கு இந்த வரம்பு 3 மணி. பிறவற்றுக்கு 4 மணி.
• உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால், மாற்று விமானம் அல்லது முழுக் கட்டணம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பயணிக்கு உண்டு.
• தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் விடுதி அறை தர வேண்டும். இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணிக்குள் புறப்பட வேண்டிய விமானமாயின், 6 மணி நேரத்துக்கு மேற்பட்ட தாமதத்துக்கே அறை உண்டு. விடுதிக்குச் சென்று வரும் போக்குவரத்தும் இதில் அடங்கும்.
• உரிய காலத்தில் தெரிவிக்காமல் விமானத்தை ரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து ₹5,000, ₹7,500, ₹10,000 என இழப்பீடு உண்டு. ஆனால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை அதைவிடக் குறைவாயின், அக்குறைந்த தொகையே கிடைக்கும்.

இதில் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. வெறும் தாமதத்துக்கு இவ்விதிகளில் ரொக்க இழப்பீடு இல்லை, வசதிகளே உண்டு. மேலும், முன்பதிவின்போது சரியான கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் தராதவர் இழப்பீடு கோர இயலாது. முகவரின் எண்ணே பதிவாகியிருந்தால் நட்டம் நமக்கே.

நம் ஆசிரியரின் விமானம் இரவு 8.40க்கு உரியது, தாமதம் ஒன்பது மணி இருபது நிமிடம். அறையும் உணவும் போக்குவரத்தும் அவருக்குச் சேர வேண்டியவை என்பதில் ஐயமில்லை. நிறுவனம் தரத் தவறியதை அவர் தம் கைப்பணத்தில் செய்துகொண்டார். எனவே அந்தச் செலவைக் கேட்பதற்கு அவருக்கு உறுதியான அடிப்படை இருந்தது.

வானிலை காரணம் என்றால்?

"மூடுபனி, புயல், நாங்கள் பொறுப்பல்லர்" என்று மறுமொழி வருவது வழக்கம். இது பாதி உண்மை. இயற்கைச் சீற்றம், வேலைநிறுத்தம், பாதுகாப்பு அச்சுறுத்தல் முதலிய, நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களுக்கு ரொக்க இழப்பீடு தர வேண்டியதில்லை. ஆனால் பயணியைப் பட்டினி போடவும் அனுமதியில்லை.

2007 டிசம்பர் 14 அன்று தில்லியில் கடும் மூடுபனியால் ஐதராபாத் விமானம் ஒன்று பல மணி நேரம் தாமதமானது. அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2011 ஜூலையில் தீர்ப்பளித்த நீதிமன்றம், பயணிக்கு வழங்கப்பட்டிருந்த இழப்பீட்டை நீக்கியது. மூடுபனிக்கு நிறுவனம் பொறுப்பன்று என்றது. எனினும், தாமதத்துக்குக் காரணம் எதுவாயினும் காத்திருக்கும் பயணிக்குக் குறைந்தபட்ச வசதிகளைச் செய்துதரும் கடமை நிறுவனத்துக்கு உண்டு என்பதையும் தெளிவுபடுத்தியது.

ஐரோப்பாவிலும் இதே கருத்து நிலைபெற்றது. 2010இல் ஐஸ்லாந்தின் எரிமலைச் சாம்பலால் விமானங்கள் முடங்கியபோது, போர்ச்சுகலின் ஃபாரோவில் சிக்கிய பயணி ஒருவர் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் தாம் செலவிட்ட சுமார் 1,130 யூரோவை ரையன்ஏர் நிறுவனத்திடம் கேட்டார். எரிமலையானாலும் பராமரிப்புக் கடமை நீங்காது என்று 2013 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. கூடவே ஓர் அளவுகோலையும் தந்தது: செலவு அவசியமானதாகவும் பொருத்தமானதாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும். நாமும் இதை மனத்திற்கொள்வது நன்று. நடுத்தர விடுதி அறைக்குப் பணம் கேட்கலாம். நட்சத்திர விடுதியின் சொகுசு அறைக்குக் கேட்டால் மறுப்பே வரும்.

ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் செல்வோர்

பன்னாட்டுப் பயணத்துக்கு 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். இந்தியாவில் 2009 ஜூன் 30 முதல் இது நடைமுறையில் உள்ளது. தாமதத்தால் விளைந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பு. நியாயமான எல்லா முயற்சிகளையும் மேற்கொண்டதாக அது மெய்ப்பித்தால் மட்டுமே விடுபடலாம். ஒப்பந்தத்தின்படி 2024 டிசம்பர் 28 முதல் தாமதத்துக்கான உச்சவரம்பு பயணி ஒருவருக்கு 6,303 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. இது உச்சவரம்பே அன்றித் தானாகக் கைக்கு வரும் தொகையன்று. மெய்ப்பித்த செலவே கிடைக்கும். பெட்டி தாமதமாக வந்தால், அது கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள்ளும், சேதமுற்றிருந்தால் 7 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். வழக்குக்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள்.

சான்று இருந்தால் பணம் உண்டு

வங்கியில் பணியாற்றும் நமக்கு நன்கு தெரிந்த உண்மை ஒன்று உண்டு: கோரிக்கையை வெல்லச் செய்வது கோபமன்று, காகிதம். விமான நிலையத்திலேயே சேகரிக்க வேண்டியவை இவை:

• பயணச்சீட்டு, பி.என்.ஆர். எண், போர்டிங் பாஸ்.
• தாமதம் குறித்து வந்த குறுஞ்செய்திகள். அறிவிப்புப் பலகையின் ஒளிப்படம்.
• காரணத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டு நிறுவனம் தரும் எழுத்துச் சான்று.
• அறையும் உணவும் கேட்டோம், தரவில்லை என்பதற்கான பதிவு. முகப்பில் கேட்டவுடன் அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுவது எளிய வழி.
• பெயரும் தேதியும் உள்ள ரசீதுகள்.

டாக்சிக்கு ரசீது கிடைப்பது அரிது. இங்கேதான் நம் ஆசிரியரின் கேள்விக்கு விடை கிடைத்தது. யு.பி.ஐ. வழியே செலுத்திய ஒவ்வொரு தொகையும் தேதியுடனும் பெறுநர் பெயருடனும் கணக்கு அறிக்கையில் பதிவாகிறது. அந்த இரு நாள்களுக்கான அறிக்கையை எடுத்துக் கொடுத்தோம். நள்ளிரவிலும் விடியற்காலையிலும் டாக்சிக்குக் கொடுத்த இரண்டு தொகைகள் அதில் தெளிவாக இருந்தன. தடங்கல் நேரும்போது ரொக்கத்தைத் தவிர்த்துக் கார்டிலோ யு.பி.ஐ.யிலோ செலுத்துங்கள் என்று நாம் சொல்வது இதனால்தான்.

கோரிக்கை மடல் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. விமான எண், தேதி, குறித்த நேரம், புறப்பட்ட நேரம் முதலில். எந்த வசதி தரப்படவில்லை என்பது அடுத்து. பிறகு செலவுப் பட்டியலும் கூட்டுத்தொகையும். இறுதியில் பணம் வர வேண்டிய கணக்கு விவரமும், பதிலுக்கு ஒரு காலக்கெடுவும். வவுச்சர் வேண்டாம், வங்கிக் கணக்கில் பணமாக வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். கட்டணத்தைத் திரும்பத் தரும்போது அதை வருங்காலப் பயணத்துக்கான இருப்பாக வைப்பது பயணியின் விருப்பத்தைப் பொறுத்ததே. நிறுவனம் திணிக்க இயலாது.

மறுத்தால் அடுத்த படி

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். பயனில்லையேல் மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலோ செயலியிலோ புகார் பதியலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிடில் நுகர்வோர் ஆணையம் உள்ளது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். விமானம் மும்பையில் தாமதித்தது, நிறுவனத்தின் தலைமையகம் வேறு மாநிலத்தில் உள்ளது என்றெல்லாம் தயங்க வேண்டியதில்லை. எலப்புள்ளிக்காரருக்குப் பாலக்காடு மாவட்ட ஆணையமே போதும். ₹5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. நிகழ்வு நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். இணையவழியிலும் பதியலாம்.

ரயிலேறிச் சென்று விமானம் பிடிப்போருக்கு ஒரு செய்தி. 2016 ஜூனில் ரயில் நான்கு மணி நேரம் தாமதித்ததால் ஜம்முவில் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட குடும்பத்துக்கு டாக்சிச் செலவு ₹15,000 உள்ளிட்ட தொகையை ரயில்வே தர வேண்டும் என்ற உத்தரவை, 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தாமதத்துக்குத் தக்க காரணத்தை ரயில்வே மெய்ப்பிக்கவில்லை என்பதே அடிப்படை. யாரால் தாமதமோ அவரிடமே கேட்க வேண்டும். ரயில் தாமதத்துக்கு விமான நிறுவனத்தைக் கேட்பதில் பயனில்லை.

நிறுவனமே நின்றுபோனால்

2023 மே மாதத் தொடக்கத்தில் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் தன் விமானங்களை நிறுத்தித் திவால் நடைமுறையை நாடியது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றதும் நினைவிருக்கலாம். இத்தகைய நிலையில் பயணிகள் கடன்காரர்களின் நீண்ட வரிசையில் நிற்க நேர்கிறது. கார்டில் செலுத்தியவருக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு. பெறாத சேவைக்கான தொகையைத் திருப்பிக் கேட்கும் 'சார்ஜ்பேக்' முறையே அது. இதற்குக் கார்டு நிறுவனங்கள் காலவரம்பு வைத்திருக்கின்றன. ஆகவே ரத்து என்று அறிந்தவுடன் பயணச்சீட்டுடனும் ரத்துச் செய்தியுடனும் வங்கிக்கு எழுதிவிடுங்கள். ஆனால் சார்ஜ்பேக் பயணக் கட்டணத்துக்கு உரியது. விடுதிச் செலவை இவ்வழியில் பெற இயலாது.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் பெருமளவில் ரத்தானதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ரத்தாயின. கட்டணத்தை 7ஆம் தேதி இரவு 8 மணிக்குள் திருப்பித் தருமாறு அரசு உத்தரவிட்டது. சீட்டுப் பணம் இவ்வாறு ஆணையின் வழியே வரலாம். அறைக்கும் டாக்சிக்கும் ஆன செலவை ஒவ்வொருவரும் தாமே கேட்டுத்தான் பெற வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

பணத்தைத் திரும்பப் பெறும் அவசரத்தில் இருப்போரைக் குறிவைக்கும் மோசடிக்காரர்கள் உண்டு. இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'வாடிக்கையாளர் சேவை எண்' போலியாக இருக்கலாம். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் பயணச்சீட்டிலும் உள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை. அதைக் கேட்பவர் பணம் எடுக்கவே கேட்கிறார். ஓ.டி.பி. சொல்வதும், திரையைப் பகிரும் செயலியை நிறுவுவதும் கூடாது. ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள்.

ஆசிரியருக்கு என்ன ஆயிற்று? நிறுவனம் முதலில் ₹1,000 மதிப்புள்ள பயண வவுச்சரை அனுப்பியது. அவர் ஏற்கவில்லை. ஏர்சேவாவில் புகார் பதிந்தார். ஐந்து வாரங்கள் கழித்து அறை, உணவு, டாக்சி மூன்றுக்குமாக ₹5,660 கணக்கில் வரவாயிற்று. எலப்புள்ளி வண்டியின் முன்பணம் ₹500ஐ நிறுவனம் ஏற்கவில்லை; அதற்கு ரசீதும் இல்லை, யு.பி.ஐ. பதிவும் இல்லை. ரொக்கமாகக் கொடுத்திருந்தார்.

பாஸ்புக்கில் பதிவு போட வந்த அன்று, "அடுத்த மாதம் பேரனைப் பார்க்க மறுபடியும் போகிறோம் சார்" என்றார். இம்முறை வண்டிக்காரருக்கு முன்பணத்தைக் கைப்பேசியிலேயே அனுப்பிவிட்டாராம்.